முகவரி இல்லாத வாடிக்கையாளர்

பண்டாரவளையில் ஞாயிறு சந்தை கூடும் நாளில் காணித் தரகர்களின் கைபேசிக்கு ஓய்வில்லை. பூனாகலை, கொஸ்லந்தை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மரக்கறி வாங்க டவுனுக்கு இறங்குகிறவர்களில் சிலர், வந்ததோடு ஒரு துண்டுக் காணியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறார்கள். கேள்விகள் எப்போதும் ஒரே வரிசைதான். பஸ் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம்? தண்ணி வசதி இருக்கா? கரண்ட் எடுக்கலாமா? பேர்ச் என்ன விலை சொல்றாங்க? கடைசியில் கொஞ்சம் தயங்கி, "உறுதிக் காணிதானே அண்ணே?"

தரகர் டயரியைப் புரட்டி ஒரு மூலையில் எழுதிக்கொள்கிறார்: பூனாகலை, 10 பேர்ச், மகன் கொழும்பில், தீபாவளிக்குப் பிறகு. ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பும் ஆசையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. தீபாவளி கழிந்து அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பேச்சு தொடரும். பார்க்காவிட்டால் அந்தக் குடும்பம் இன்னொரு தரகரிடம் போகும். மறுபடி அதே கேள்விகள், மறுபடி ஒரு மூலைக் குறிப்பு.

இந்த மறதியை அடைக்கத்தான் தொடர்பு மேலாண்மை மென்பொருள் என்ற ஒன்று உலகத்தில் வந்தது. 1987இல் அமெரிக்காவில் 'ஆக்ட்' என்ற பெயரில் வெளிவந்த மென்பொருள் விற்பனைக்காரர்களின் மேசையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கணினிக்குள் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் வளர்ந்த சோஹோ நிறுவனம் 2005இல் தன் சிஆர்எம் மென்பொருளை வெளியிட்டது. பிறகு தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறைக் கிராமத்திலும் அலுவலகம் திறந்து அங்கிருந்தே உலகத்துக்கு மென்பொருள் செய்கிறது. 2023 டிசம்பரில் அமெரிக்க வீட்டு விளம்பர நிறுவனமான சில்லோ, வீடு விற்கும் முகவர்களுக்கென்றே உருவான 'ஃபாலோ அப் பாஸ்' என்ற தொடர்பு மென்பொருளை 400 மில்லியன் டொலர் ரொக்கத்துக்கு வாங்கியது. எந்த வாடிக்கையாளரிடம் எப்போது என்ன பேசினோம், அடுத்து எப்போது பேச வேண்டும் என்ற குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்கும் வேலைக்குத்தான் அந்த விலை.

இலங்கையில் ஐக்மன் தளம் 2012இல் வந்த பிறகு காணி விளம்பரம் சுலபமாகிவிட்டது. எல்லவில் ஒரு துண்டு விற்பனைக்கு வந்தால் அன்று மாலையே படம் ஏறிவிடுகிறது. ஆனால் விளம்பரத் தளம் காணியைத்தான் காட்டும். போன மாதம் வந்து கேட்டவரை நினைவில் வைத்திருக்கிற வேலை இன்னும் தரகருடையது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பதிவு, அதில் பேசிய தேதிகள், கேட்ட அளவு, கையில் இருக்கும் தொகை, அடுத்த அழைப்பு நாள். புதிதாகப் பசறைப் பக்கம் ஒரு காணி வந்ததும் 'பசறை, 10 பேர்ச், உறுதி' என்று தேடினால் பொருத்தமான பெயர்கள் வந்து நிற்க வேண்டும். இவ்வளவும் செய்தால் ஊவா மாகாணத்தில் ஒரு தரகருக்குப் போதும். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் உரையாடலுக்கு நிற அடையாளம் இடும் வசதி இருக்கிறது. அதையும் ஒரு விரிதாளையும் ஒழுங்காக வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. மாதச் சந்தா கட்டி வாங்கும் பெரிய மென்பொருள் தேவையா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்வி வேறு. அந்த மென்பொருளின் பெட்டிகளுக்குள் தோட்டத்து மனிதர் அடங்குவாரா?

பெட்டியை நிரப்பிப் பார்ப்போம்

பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர்; அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மலையகத் தமிழர். ஊவாவில் காணி விற்பவருக்கு இவர்கள் ஓரத்து வாடிக்கையாளர்கள் அல்லர். சேமலாப நிதி கையில் கிடைத்த தாய், கொழும்பில் கடையில் நிற்கும் மகன், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் மகள் என்று மூன்று பேர் காசு சேர்த்து 'நாட்டுப் பக்கம்' பத்து பேர்ச் தேடுகிறார்கள். அந்தத் தாயை ஒரு சாதாரணத் தொடர்பு மென்பொருளில் பதியப் பார்க்கலாம்.

முதல் பெட்டி பெயர். பெரிய மென்பொருட்கள் பலவற்றில் கடைசிப் பெயர் கட்டாயம். சேல்ஸ்ஃபோர்ஸில் அப்படி, சோஹோ சிஆர்எம்மிலும் அப்படி. தோட்டத்துப் பெண்ணுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. லெட்சுமி என்றால் லெட்சுமிதான், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து நிற்கும். கட்டாயப் பெட்டியை நிரப்புவதற்காக ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் புருஷன் பெயரைப் போடுவார், மூன்றாமவர் தோட்டத்துப் பெயரைப் போடுவார். ஒரே பெண் மூன்று ஆளாகப் பதிவாகிவிடுவாள். எழுத்துக் குழப்பம் இன்னொரு பக்கம். பிறப்புச் சான்றிதழை எழுதியவர் காதில் விழுந்தது லச்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் லெட்சுமி. இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்காமல் நொத்தாரிசு உறுதி எழுதமாட்டார். பெயர் வித்தியாசத்தை முதல் நாளே குறித்துவைத்த தரகர் அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்பார். குறிக்காதவரால் உறுதி எழுதுகிற நாள் தள்ளிப்போகும், ஒரு நாள் சம்பளத்தை இழந்து வந்த குடும்பம் வெறுங்கையோடு திரும்பும்.

அடுத்த பெட்டி தொலைபேசி. பதுளைக்கு 055, பண்டாரவளைக்கு 057 என்று தொடங்கும் நிலையான தொலைபேசி பெரும்பாலான தோட்டத்து லயங்களுக்கு வந்ததே இல்லை; நேராகக் கைபேசிதான். அந்தக் கைபேசி மகனுடையது. மகன் சிம்மை மாற்றினால் தாயின் பதிவு செத்துவிடும். ஒரு ஆள், ஒரு எண் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. குடும்பத்தையே ஒரு பதிவாக வைத்து, அதற்குள் தாய், மகன், மகள் என்று மூன்று எண்களையும் சேர்க்க வேண்டும். அதோடு இன்னொரு குறிப்பும் அவசியம்: காசு யாருடையது, உறுதி யார் பெயரில் எழுதப்படும். முப்பது வருடம் கொழுந்தெடுத்த பெண்ணின் சேமலாப நிதியில் வாங்கும் காணியில் அவள் பெயரே இல்லாமல் போவதைத் தடுக்க, 'உறுதி உங்க பேர்லதானே எழுதணும் அக்கா?' என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்வது போல வேறு வழியில்லை.

மூன்றாவது பெட்டி முகவரி. இங்கேதான் மென்பொருள் முற்றாகத் தடுமாறும். வீட்டு இலக்கம் இல்லை. தெருப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், லயம், காம்பரா. ஒரே தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தொழிலாளர் வாயில் வேறொரு பெயர். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. வேலைக்கான நேர்முகக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதை மலையகத்தில் கேட்காத வீடு குறைவு. வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தாலும், பிரதேச செயலகத்துக்கு எழுதினாலும், பதில் வருவது அதே ஆபீஸ் மேசைக்குத்தான். காணி வாங்குவதன் பெரிய காரணங்களில் ஒன்றே இதுதான்: தபால்காரர் தன் வாசலுக்கு வர வேண்டும். ஆக, முகவரிக்காகக் காணி தேடுகிறவரிடம் பதிவை ஆரம்பிக்க முகவரி கேட்கிறது மென்பொருள்.

மாற்று வழி கடினமானதல்ல. தோட்டம், பிரிவு, லயம், இறங்கும் பஸ் நிறுத்தம் என்று நான்கு பெட்டி வைத்தால் ஊவாவில் எந்தக் குடும்பத்தையும் கண்டுபிடித்துவிடலாம். அடையாள அட்டை இலக்கத்தை முதல் நாளே கேட்கத் தேவையில்லை, விலை பேசி முடிந்த பிறகு கேட்டால் போதும். ஐந்தாவதாக ஒன்று: எந்த மொழி வாசிப்பார். இந்த மாவட்டத்தில் விற்பவர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர், ஆவணமும் பெரும்பாலும் சிங்களத்தில். வாங்குகிறவருக்குத் தமிழ் மட்டும் தெரியும் என்று பதிவில் இருந்தால், கையொப்பத்துக்கு முன் உறுதியைத் தமிழில் வாசித்துக் காட்ட ஆள் ஏற்பாடு செய்யலாம்.

பட்டியல் யார் கையில்

ஊவாத் தோட்டங்களுக்கு ஆட்பட்டியல் புதிய சங்கதி அல்ல. 1901இலிருந்து தென்னிந்தியாவில் ஆள் சேர்த்தபோது தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லையைத் தொழிலாளிக்குக் கொடுத்து அனுப்பினார்கள். வில்லையைப் பார்த்தால் போதும், இந்த ஆள் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்று இடைவழி அதிகாரிக்குத் தெரிந்துவிடும். அந்த வில்லையில் தொழிலாளியின் பெயருக்கு இடமில்லை. தோட்டத்துக்கு வந்த பின் கங்காணியின் கடன் கணக்கு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் விபரம் எழுதிய 'துண்டு' வேண்டும்; கடனை அடைக்கும் புதிய தோட்டத்துக்குத்தான் ஆள் போக முடியும். அந்த முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. செக்ரோல் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு நாள் உழைப்பே அங்கே 'பேர்' என்றுதான் கணக்காகிறது, நிறை குறைந்தால் 'அரைப் பேர்'.

இத்தனை பட்டியலிலும் தொழிலாளியின் விபரம் இருந்தது. ஒன்றுகூடத் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை. எழுதியவர் வேறு, வாசித்தவர் வேறு, பயன் எடுத்தவர் வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன், பாட்டன் இந்த மண்ணில் பிறந்ததை நிரூபிக்கக் காகிதம் கேட்டார்கள். பலரிடம் காகிதம் இல்லை.

பட்டியல் சரியாக இல்லாததன் விலையை ஊவா 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் கண்டது. கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயங்களை மூடியபோது, உள்ளே எத்தனை பேர் என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல எவராலும் முடியவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. எந்தக் காம்பராவில் யார் குடியிருந்தார், யார் கொழும்பில் இருந்தார், யார் பள்ளிக்கூடம் போயிருந்தார் என்று அயலவர் நினைவிலிருந்துதான் கூட்டிக்கழித்தார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனால் எச்சரிக்கை கிடைத்தாலும் எங்கே போவது? தப்பியவர்களுக்கு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளித்தது 2016இல். அதுவரை முகாம் வாழ்க்கை. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைப் பிரிவில் மீண்டும் சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் முழுதும் சரிவுகள்.

இதனால்தான் காணி தேடும் தோட்டத்துக் குடும்பத்தின் அவசரத்தை ஒரு சாதாரணச் சந்தைத் தேவையாக நான் பார்ப்பதில்லை. லயத்தை விட்டு வெளியேறி, சரியாத நிலத்தில், தன் பெயரில் ஒரு துண்டு. அதைத் தேடி வருகிறவரின் குறிப்பை ஒரு தரகர் தொலைத்தால் தொலைவது தரகுக் காசு மட்டுமில்லை.

காணியின் பதிவு

ஆளின் பதிவு எவ்வளவு முக்கியமோ, காணியின் பதிவு அதைவிட முக்கியம். வெளிநாட்டு மென்பொருளில் காணிக்கு விலை, அளவு, படம் என்று பெட்டிகள் இருக்கும். ஊவாவில் முதலில் இருக்க வேண்டிய பெட்டி 'காகிதம் என்ன?' என்பது.

சின்னக்கர உறுதி என்றால் சொந்தக்காரர் விற்கலாம். ஜயபூமி, ஸ்வர்ணபூமி என்று அரசு கொடுத்த அளிப்பு என்றால், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அனுமதிப்பத்திரக் காணியின் கட்டுப்பாடு அதைவிட இறுக்கம். இதில்தான் தோட்டத்து மக்கள் அதிகம் அகப்படுகிறார்கள். வெள்ளைத் தாளில் ஒரு எழுத்து, இரண்டு சாட்சி, கையில் முற்பணம். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன் எழுதப்படாத காணி விற்பனை செல்லாது.

தோட்டக் காணி தனிக் கதை. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் நீண்டகாலக் குத்தகையில் அவர்களிடம் இருக்கிறது. லயத்துக்கு முன்னால் உள்ள மரக்கறித் துண்டை மூன்று தலைமுறையாகக் கொத்தியவரும் அதை விற்க முடியாது, வாங்குகிறவருக்கும் அது சொந்தமாகாது. "தோட்டக் காணி, எழுதித் தாறோம்" என்று யாராவது விலை சொன்னால் அந்தப் பதிவைத் தரகர் திறக்கவே கூடாது. அரசு வழி வேறாக நடக்கிறது. இந்திய வீட்டுத் திட்டத்தின் 10,000 வீடுகளுக்காக 2025 அக்டோபர் 12 அன்று பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஏறத்தாழ 2,000 குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரம் கையளித்தார். நல்ல தொடக்கம். ஆனால் காத்திருக்கும் குடும்பங்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அதனால்தான் இன்னும் பலர் தரகரைத் தேடி வருகிறார்கள்.

காகிதத்துக்கு அடுத்த பெட்டி மண். மண்சரிவு அபாய மாவட்டங்களில் வீடு கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். பதுளை அவற்றில் ஒன்று. பேர்ச் விலை குறைவாக இருக்கிறதே என்று சரிவில் வாங்கி, பிறகு கட்ட அனுமதி கிடைக்காமல் நிற்பது தவிர்க்கக்கூடிய துன்பம். 'சிபாரிசு கேட்டாச்சா, என்ன பதில்' என்ற ஒற்றை வரி காணியின் பதிவில் இருந்தால் போதும். பிறகு செலவு. முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். நொத்தாரிசுக் கூலி, நில அளவை, தரகு எல்லாம் மேலே. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயமானது. அந்தச் சம்பளத்தில் சேர்த்தவரிடம் முழுக் கணக்கையும் முதலிலேயே சொல்லி, சொன்னதாகப் பதிவில் எழுதுவதுதான் நேர்மையான தொழில்.

தரகர்களின் தயக்கத்தையும் நான் அறிவேன். டயரிதான் அவர்களின் முதல். ஒரு காணிக்கு மூன்று தரகர்கள் சங்கிலியாக நிற்கும்போது, உரிமையாளரின் எண்ணை வெளியே விட்டால் தரகு போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்த டயரி மழையில் நனைந்தால், அல்லது வைத்திருந்தவர் காலமானால், அதோடு எல்லாம் போகிறது. முற்பணம் கொடுத்தவருக்குச் சாட்சியும் போகிறது. கைபேசியில் கடவுச்சொல்லோடு இருக்கும் பதிவுக்குப் பிரதி உண்டு, தேதி உண்டு.

அதே கைபேசி ஆபத்தும் தரும். அடையாள அட்டையின் படம் ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இன்று சாதாரணமாக நடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகளின் எண்ணும், சேமலாப நிதி எவ்வளவு வந்தது என்ற விபரமும் முன்பின் தெரியாதவர் கையில் கிடைத்தால் அந்தக் குடும்பத்தை ஏமாற்ற வேறெதுவும் வேண்டாம். இலங்கை நாடாளுமன்றம் 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. ஒருவரின் விபரத்தைச் சொன்ன நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்து, தேவை முடிந்தால் வைத்திருக்காதே, கேட்டால் காட்டு, திருத்து என்பவை அதன் அடிப்படை. சட்டத்தின் கை பண்டாரவளைச் சந்தைவரை நீளும்வரை தரகர்கள் காத்திருக்கத் தேவையில்லை. காணி வாங்கி முடிந்ததும் அட்டைப் படத்தை அழித்துவிடலாம். வாங்காமல் விலகியவர் கேட்டால் பதிவையே அழித்துவிடலாம்.

மென்பொருள் செய்யும் நம் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்க் கணினி படித்தவர்கள் இன்று பலர். உங்கள் தாய் தகப்பனின் காம்பராவுக்குப் பொருந்தும் பெட்டிகளோடு, தமிழிலும் சிங்களத்திலும், இணைப்பு இல்லாத மலை மடிப்பிலும் ஓடுகிற ஒரு சிறு செயலியைச் செய்யுங்கள். கடைசிப் பெயர் கட்டாயம் வேண்டாம். வாங்குகிறவருக்கும் பதிவின் பிரதி போக வேண்டும்.

காணி தேடும் வாசகருக்கும் சிலது சொல்ல வேண்டும். தரகர் உங்களைப் பற்றி எழுதியதைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு பிரதி கேளுங்கள். முற்பணம் கொடுக்கும் முன் உறுதி இலக்கத்தை வாங்கி, உங்களுக்கு வேண்டிய நொத்தாரிசைக் கொண்டு பதுளைக் காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரித்தைத் தேடிப் பாருங்கள். விற்பவர் காட்டும் நொத்தாரிசை மட்டும் நம்பாதீர்கள். உறுதி முடிந்த கையோடு பதிந்துவிடுங்கள். ஒரே காணி இரண்டு பேருக்கு எழுதப்பட்டிருந்தால் முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை போகலாம். மண்சரிவுச் சிபாரிசைக் காகிதத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் வேண்டாம். இவற்றில் ஒன்றைக்கூடக் காட்ட மறுக்கிற தரகரிடம் ஒரு ரூபாகூடக் கொடுக்காதீர்கள்.